கதவு மூடும் இரண்டு நொடி

மெக்கானிக்குக்குக் கால் உடைந்தது லிஃப்டில் அல்ல. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கியும் மொட்டைமாடி இயந்திர அறைகளுக்கு ஏறியும் ஒரு கீறல் படாமல் வந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக் குளியலறையில் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தார். கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் விரிசல். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், ஏழு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது என்றார். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். பிறகு அதற்கு வருத்தப்பட்டு, வாங்கி வந்த பழத்தை மேசைமேல் வைத்தார்கள்.

முதல் வாரம் அவர் தூங்கினார். இரண்டாவது வாரம் வீட்டில் பழுது கண்டுபிடிக்க ஆரம்பித்தார். சமையலறை அலமாரிக் கதவு அரை விரற்கடை தாழ்ந்திருக்கிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டுத் தட்டுகிறது. சாம்பாரில் உப்பு ஒரு நாள் தூக்கல், ஒரு நாள் குறைச்சல். அவர் மனைவி அஞ்சலகத்தில் தபால் பிரிக்கும் பிரிவில் இருந்தாள். காலை ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய பட்டியல் தயாராக இருக்கும்.

"காலுக்குக் கட்டுப் போட்ட கையோட வாய்க்கும் ஒண்ணு போட்டிருக்கலாம்," என்று அவள் தன் தங்கையிடம் சொன்னாள்.

தங்கை ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். அடுத்த நாளே ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"அத்தான், இதுல பைத்தான்னு ஒரு மொழி இருக்கு. பாடமும் போட்டு வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ஒண்ணு படிங்க."

"பைத்தான்னா மலைப்பாம்புதானே?"

"ஆமா. இது கடிக்காது."

"மலைப்பாம்பு எங்கம்மா கடிக்குது? சுத்திக்கும்."

அப்படித்தான் ஆயிற்று. ஆனால் உடனே அல்ல. முதல் எட்டுப் பாடங்கள் அவருக்குச் சலிப்பாக இருந்தன. இரண்டு எண்ணைக் கூட்டு, பெயரைக் கேட்டு வணக்கம் சொல், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும், போகும். இதற்குக் கணினி எதற்கு, கடைக்காரன் விரலை மடக்கியே சொல்லிவிடுவானே என்று நினைத்தார். ஆனாலும் விடவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒன்பதாவது பாடம் சன்னல் செய்வது. ஐந்தே வரி. ஒரு விரலால் தேடித் தேடித் தட்டி, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விட்டு, திருத்தி, ஓடவிட்டார்.

திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் எழுந்து நின்றது. மேலே ஒரு பட்டை, பட்டையின் ஓரத்தில் மூடுவதற்கான சிறிய பெருக்கல் குறி. நடுவில் ஒரு பொத்தான். பொத்தான்மேல் அவர் தட்டிய சொல்: திற.

அவர் அதைத் தொடவில்லை. முதலில் பார்த்துக்கொண்டே இருந்தார். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் பார்ப்பதும், மருத்துவமனையில் பெயர் பதிகிற பெண் பார்ப்பதும் இந்த மாதிரிச் சதுரங்களைத்தான். அவையெல்லாம் எங்கோ பெரிய தொழிற்சாலையில் வார்த்து, பெட்டியில் அடைத்து வருபவை என்றே இத்தனை நாளும் அவர் எண்ணியிருந்தார். லிஃப்ட் கூண்டுகள் அப்படித்தான் வரும். மடியில் தலையணையும் தலையணைமேல் கணினியுமாக, முந்தைய நாள் பனியனோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஐந்து வரியில் அதை வரவழைக்கலாம் என்பதை அவர் மனம் ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

சுட்டியால் பட்டையைப் பிடித்து இழுத்தார். சதுரம் வந்தது. விட்டார். விட்ட இடத்தில் நின்றது. ஊன்றுகட்டையைக் கக்கத்தில் கொடுத்து எழுந்து, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்து, சன்னல் வழியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் போர்வைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அது அங்கேயே இருந்தது. அவர் அதுவரை எழுதிய நிரல்கள் எல்லாம் மேலிருந்து கீழே ஓடி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறைந்துபோனவை. இது போகவில்லை. ஐந்தாவது வரி அதைப் போகாமல் நிறுத்தியிருந்தது. அந்த வரிக்கு அர்த்தம், பாடத்தின்படி, இவ்வளவுதான்: யாராவது ஏதாவது செய்யும்வரை காத்திரு.

மூன்று மணிக்கு மனைவி வந்தபோது பட்டியல் ஏதும் இல்லை. அவளுக்கே பயமாகிவிட்டது.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"இங்க வந்து பாரு. இது காத்துக்கிட்டிருக்கு."

"எதுக்கு?"

"நமக்கு."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே குனிந்து பார்த்தாள். "நாலு பேருக்கு ஸ்டாம்ப் ஒட்டக்கூட இது உதவாது போலிருக்கே," என்றாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான புதிதில், முதன்முதலாகத் தனியாக ஒரு லிஃப்டைப் பூட்டி ஓட்டிவிட்டு வந்த நாளில் அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அந்தப் பொத்தானுக்கு ஒரு வேலை கொடுக்க முயன்றார். அழுத்தினால் 'கதவு திறந்தது' என்று எழுத்து வர வேண்டும். எழுதி ஓடவிட்டால், அவர் அழுத்துவதற்கு முன்பே எழுத்து வந்து நின்றது. பிறகு அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பாடத்தின் அடியில் ஒரு குறிப்பு அகப்பட்டது: வேலையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால், இப்போதே செய் என்று பொருள். அடைப்புக்குறி இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால், இதுதான் வேலை, கூப்பிடும்போது செய் என்று பொருள்.

அடைப்புக்குறியை எடுத்தார். சரியானது.

இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வேலையைச் செய்வது வேறு. வேலையைப் பொட்டலம் கட்டி ஒருவர் கையில் கொடுத்துவைப்பது வேறு. இருபத்தாறு வருடமாகப் பொத்தான்களுக்குப் பின்னால் கம்பி முடிந்து அவர் செய்துவந்தது இந்த இரண்டாவதைத்தான். தாம் என்ன செய்கிறோம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. யாரோ முகம் தெரியாதவர்கள் அதற்கு ஓர் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் அவர் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட்.

அவர் பொறுப்பில் இருந்த லிஃப்டுகளில் அவர் மிகுதியாகப் பழகியது ஒரு மருத்துவமனையின் படுக்கை லிஃப்ட். ஆறு தளம். ஸ்ட்ரெச்சர் நுழைகிற மாதிரி நீளமான கூண்டு. வயது இருபத்திரண்டு; மூடத் தொடங்கிய கதவு, வெளியே பொத்தானை அழுத்தினாலும் திரும்பத் திறக்காத பழைய மாதிரி. அதையே திரையில் கட்ட முடிவு செய்தார். நீளவாக்கில் ஒரு தடம், அதில் ஏறி இறங்கும் ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் ஆறு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு.

முதலில் கட்டம் நகர்ந்தது, ஆனால் நகரும்போது மற்ற பொத்தான்கள் எல்லாம் மரக்கட்டையாகிவிட்டன. தொலைபேசியில் மைத்துனியைக் கேட்டார்.

"நடுவுல தூங்கச் சொல்லியிருக்கீங்களா அத்தான்?"

"ஆமா. ஒரு நொடி தூங்கு, ஒரு அடி நகரு, மறுபடி ஒரு நொடி தூங்கு."

"அது தூங்கினா மொத்தமாத் தூங்கிடும். யார் கூப்பிட்டாலும் காது கேக்காது. தூங்கச் சொல்லாதீங்க. ஒரு நொடி கழிச்சு என்னைக் கூப்பிடுன்னு சொல்லிட்டு விலகிடுங்க."

மாற்றினார். இப்போது கட்டம் மூன்றாவது தளத்தைத் தாண்டும்போதே ஆறாவதை அழுத்தினால் விளக்கு எரிந்தது. கட்டம் அந்த அழைப்பை ஞாபகம் வைத்துக்கொண்டு, கீழே போய், ஆளை இறக்கிவிட்டது போலச் சற்று நின்று, பிறகு மேலே போனது. அது தானாகப் போனதைப் பார்த்தபோது மெக்கானிக் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். தாமே எழுதியதுதான். ஒவ்வொரு வரியும் தெரியும். தெரிந்தும் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளை முதல் தடவை தானாக எழுந்து நடந்தால், எலும்பும் சதையும் பற்றிப் படித்த டாக்டர்கூட வாயைப் பிளக்கத்தானே செய்வார்?

நான்காவது வாரம் லிஃப்ட் முடிந்தது. முதல் பயணியாக மனைவியை உட்கார வைத்தார்.

அஞ்சலகத்தில் நாள் முழுக்க உறைகளைப் பொறுக்கிப் பெட்டி பெட்டியாக எறிகிற கை அவளுடையது. அந்தக் கைக்கு நிதானம் தெரியாது. ஆறு பொத்தானையும் வாத்தியம் வாசிப்பது போல அழுத்தித் தள்ளினாள். கட்டம் ஒவ்வொரு தளமாக நின்று கதவைத் திறந்து மூடியது. அவளும் சிரித்தாள்.

"பரவால்லையே. எங்க ஆபீஸ் லிஃப்டை விட உங்க லிஃப்ட் சொன்ன பேச்சு கேக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "நாலாவது மாடிக்கு வரலையே," என்றாள்.

"வரும்."

"வரலை. அழுத்தினேன். விட்டுட்டுப் போயிடுச்சு."

"நீ சரியா அழுத்தியிருக்க மாட்டே."

சொன்ன பிறகு அவருக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, வார்த்தை மாறாமல், வேறொருவரிடம் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளர் ஒருத்தி உண்டு, வேலைக்கு வந்து நான்கு வருடம். நாற்பது வயதிருக்கும். நடக்கவே மாட்டாள், நோயாளியை வைத்துக்கொண்டு அலுங்காமல் ஓடுவாள். எக்ஸ்பிரஸ் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நான்காவது தளத்தில் லிஃப்ட் தன்னை மதிப்பதில்லை என்பது அவள் புகார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, அணைந்துவிடுகிறது, லிஃப்ட் வருவதில்லை. தினமும் இல்லை. சில நாள். மெக்கானிக் நான்கு வருடத்தில் அந்தத் தளத்தின் பொத்தானை மூன்று முறை மாற்றினார். நூறு தடவை அழுத்திப் பார்த்திருப்பார். நூறு தடவையும் லிஃப்ட் வந்தது. மற்ற தளங்களில் ஒரு புகாரும் இல்லை.

கடைசியாக, அவர் கால் உடைவதற்குப் பத்து நாள் முன்பு, ஸ்கேன் அறைக்கு ஒரு நோயாளி தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு எக்ஸ்பிரஸுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவள் லிஃப்டைச் சொன்னாள். நிர்வாகம் மெக்கானிக்கிடம் அறிக்கை கேட்டது. 'லிஃப்டில் பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவளைப் படிக்கட்டருகே பார்த்தபோது, "நீங்க அவசரத்துல சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க," என்றும் சொன்னார். அவள் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனாள், நடந்து.

"இப்ப பண்ணினதை மறுபடி பண்ணு," என்றார் மனைவியிடம்.

"என்ன பண்ணினேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கை பாட்டுக்குப் போச்சு."

"கை பாட்டுக்கே போகட்டும்."

மறுபடி அழுத்த ஆரம்பித்தாள். ஏழாவது நிமிடத்தில் மீண்டும் நடந்தது. கட்டம் நான்கில் நின்றது. கதவு திறந்தது. மூடத் தொடங்கியது. மூடிக்கொண்டிருக்கும்போது அவள் விரல் மறுபடி நான்கைத் தட்டியது. விளக்கு எரிந்தது. கதவு மூடி முடிந்தது. விளக்கு அணைந்தது. கட்டம் கீழே போய்விட்டது.

மெக்கானிக் தம்முடைய வரிகளை மேலிருந்து படித்தார். ஒரு தளத்துக்குப் போய் வேலை முடிந்ததும் அந்தத் தளத்தின் அழைப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். வேலை எப்போது முடிகிறது? கதவு மூடி முடிந்ததும். அப்படித்தான் எழுதியிருந்தார். அதைவிட இயல்பாக எழுத முடியாது. ஆனால் கதவு மூடுவதற்கு இரண்டு நொடி ஆகிறது. அந்த இரண்டு நொடிக்குள் வெளியிலிருந்து ஒருவர் அழுத்தினால், அது புது அழைப்பு. கதவு மூடியதும் பழைய அழைப்போடு சேர்த்து அதையும் நிரல் அடித்துவிடுகிறது. வந்தவர் வெளியே நின்றுகொண்டிருப்பார். அவர் அழுத்தியதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது.

அவர் மனக்கண்ணில் அந்த நான்காவது தளம் வந்தது. அறுவை அரங்கிலிருந்து வரும் நடைவழி ஒரு திருப்பத்தில் வளைகிறது. வளைந்தவுடன் லிஃப்ட் கண்ணில் படும். கதவு திறந்திருப்பது தெரிந்தால் யாராக இருந்தாலும் வேகத்தைக் கூட்டுவார்கள். மற்ற தளங்களில் லிஃப்ட் மூலையில் ஒதுங்கியிருக்கிறது. பக்கத்தில் போனால்தான் தெரியும். நான்கில் மட்டும்தான் ஒருவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்து, கதவு மூடும் அந்த இரண்டு நொடிக்குள் பொத்தானைத் தொடுவார். அதுவும் ஓடுகிறவராக இருந்தால். மெக்கானிக் நூறு தடவை சோதித்தது உண்மை. நூறு தடவையும் நிதானமாக நின்று, லிஃப்ட் வேறெங்கோ இருக்கும்போது அழுத்தியிருக்கிறார். மெக்கானிக்குகள் ஓடுவதில்லை.

"என்னங்க, ஏன் கண்ணு கலங்குது?"

"தெரியலை," என்றார். "நான் செஞ்ச படத்துக்குள்ள அந்த லிஃப்டோட வியாதி வந்து உக்காந்திருக்கு. நான் அதை வைக்கலை. வைக்காமலே வந்திருக்கு."

மறுநாள் காலை, மனைவி எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கட்டையை ஊன்றி மருத்துவமனைக்குப் போய் இறங்கினார். பராமரிப்பு அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கால் உடைஞ்ச மனுஷன் வீட்டுல படுக்காம இங்க என்ன படம் காட்ட வந்தீங்க?"

"படம்தான் சார் காட்ட வந்தேன்."

எக்ஸ்பிரஸை வரச் சொன்னார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை போலிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். மெக்கானிக்கின் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி லிஃப்டுக்குள் நின்றார். அவர் நான்காவது தளத்தில் நிறுத்தி, கதவு மூடியதும் கீழே போக வேண்டும். எக்ஸ்பிரஸ் திருப்பத்திலிருந்து காலி ஸ்ட்ரெச்சரோடு வர வேண்டும்.

முதல் தடவை அவள் பிந்திவிட்டாள்; கதவு மூடிய பிறகு அழுத்தினாள். விளக்கு எரிந்தபடியே இருந்தது. லிஃப்ட் கீழே போய்ச் சமர்த்தாகத் திரும்பி வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஒரு நர்ஸ் குறுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க எங்களைப் பார்க்காதீங்கம்மா," என்றார் மெக்கானிக். "ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆள் இருக்காங்க, ஸ்கேனுக்கு நேரமாச்சு. தினம் எப்படி வருவீங்களோ அப்படி வாங்க."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வளைவில் சக்கரங்கள் திரும்பும் ஓசை கேட்டது. அடுத்த நொடி அவள் வந்துகொண்டிருந்தாள். அந்த வேகத்திலும் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் ஒரு விரல்கூட ஆடவில்லை. கதவு பாதி மூடியிருந்தது. ஒரு கையால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி மறுகையால் பொத்தானைத் தொட்டாள். விளக்கு எரிந்தது. இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று தொட்டன. விளக்கு அணைந்தது. கூண்டு கீழே இறங்கும் ஒலி சுவருக்குள் தேய்ந்து போனது.

அரை நிமிடம். ஒரு நிமிடம். லிஃப்ட் வரவில்லை.

மெக்கானிக் மடிக்கணினியை ஸ்ட்ரெச்சரின் மேலேயே வைத்துத் திறந்தார். திரையில் கட்டம் நான்கில் நின்று, கதவை மூடத் தொடங்கியது. அவர் தட்டினார். விளக்கு எரிந்தது, அணைந்தது, கட்டம் போனது. அதிகாரி குனிந்தார். "இன்னொரு தடவை," என்றார். இன்னொரு தடவை காட்டினார். அதிகாரி நிமிர்ந்து உண்மையான கதவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதை யார் பண்ணிக் கொடுத்தது?"

"நான்தான் சார். படிச்சிக்கிட்டிருக்கேன்."

எக்ஸ்பிரஸ் திரையைப் பார்க்கவில்லை. அணைந்துபோன பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு வருஷம்ணே," என்றாள் மெதுவாக. "ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. நாமதான் அழுத்தாம அழுத்தினதா நினைச்சுக்கறோமோன்னு."

"தப்பு என்னோடதும்மா. நான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுத்து, அவருடைய ஒரு கட்டை சரியாமல் பிடித்துக்கொண்டாள்.

மொட்டைமாடி இயந்திர அறைக்கு அவரால் ஏற முடியாது. கூட்டாளி போய், அங்கே பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த மின்சுற்று வரைபடங்களைக் கொண்டுவந்தார். மடிப்புகளில் நைந்துபோன தாள்கள். பராமரிப்பு அலுவலக மேசையில் விரித்து வைத்து, மெக்கானிக் விரலால் ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்தார். இதே தாள்களை இதற்கு முன் எத்தனையோ முறை விரித்திருக்கிறார், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க. இன்றைக்குத்தான் அவற்றைப் படித்தார்.

கதவு மூடி முடிந்ததைச் சொல்லும் தொடுமுனையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, அந்தந்தத் தளத்தின் அழைப்பை அழிக்கும் ரிலே சுவிட்சுக்குப் போனது. அவ்வளவுதான். தாளின் மூலையில் வரைந்தவரின் இரண்டே எழுத்துச் சுருக்கொப்பமும் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன.

அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. இந்த மனிதரை அவருக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன வயது, இப்போது இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் மேசையில் குனிந்து இந்தக் கோட்டை இழுத்தபோது என்ன நினைத்தார் என்பது அட்சரம் பிசகாமல் தெரிந்தது. வேலை எப்போது முடிகிறது? கதவு மூடி முடிந்ததும். வரைந்தவரும் அதையே கேட்டு, அதையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவர் பென்சிலாலும் அளவுகோலாலும், ஒருவர் உடைந்த காலோடு ஒற்றை விரலாலும், ஒரே சிந்தனையின் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். தம் நிரலைச் சரியாக எழுதியிருந்தால் இந்த மனிதரை மெக்கானிக் சந்தித்தே இருக்க மாட்டார்.

"என்ன, தூங்கிட்டீங்களா?" என்றார் கூட்டாளி.

"ஒரு ஆளைப் பார்த்தேன்," என்றார் மெக்கானிக். கூட்டாளி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

லிஃப்ட் செய்த நிறுவனத்துக்கு எழுதினார்கள். ஒரு கம்பியைக் கதவு மூடிய முனையிலிருந்து கழற்றி, கதவு திறந்த முனையில் பூட்ட அனுமதி வேண்டும். கதவு திறந்தவுடனேயே பழைய அழைப்பை அழித்துவிட்டால், அதற்குப் பின் வரும் எந்த அழைப்பும் புதிதாக நிற்கும். ஒன்பது நாளில் பதில் வந்தது. அவர்களுடைய பொறியாளரே நேரில் வந்து பார்த்து, இதே மாதிரி லிஃப்ட் இன்னும் எங்கெங்கே ஓடுகிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டு போனார். கம்பி மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று.

மெக்கானிக் இரண்டாவது அறிக்கை எழுதினார். முதல் அறிக்கை ஒரு வரி. இது ஒன்றரைப் பக்கம். 'பழுது இருந்தது. பணியாளர் சொன்னது முழுக்க உண்மை. நான்கு வருடமாக நான் பார்க்கத் தவறினேன்' என்று முடித்திருந்தார். கடைசி வரி வேண்டாமே என்றார் அதிகாரி. இருக்கட்டும் என்றார் இவர். எக்ஸ்பிரஸுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இன்னொரு கடிதம் வந்தது. அதை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்ட்ரெச்சரில் மாட்டாததுதான் குறை என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். மாட்டவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாள், பல நாள்.

கட்டுப் பிரித்து, மெக்கானிக் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பணியாளர்கள் அறையில் எக்ஸ்பிரஸ் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் அதைப் பார்க்கலை. காட்டறீங்களா?"

திறந்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி நான்காவது பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. கட்டம் தரைத்தளத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு தளமாக ஏறி, நான்கில் நின்று கதவைத் திறந்தது. அவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், சுட்டுவிட்டது போல. பிறகு மறுபடி அழுத்தினாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறந்தபடியே ஆறிக்கொண்டிருந்தது.

"நிஜமாவே வருது," என்றாள். "நான் கூப்பிட்டா வருது."

"இப்ப அந்த லிஃப்டும் வரும்."

"அது வருது. அதுல நான் ஏறிட்டேன். இதுல எங்கேண்ணே ஏறறது? நாலாவது மாடியில ஆளே இல்லையே. கதவு தொறக்குது, மூடுது, வெளிய யாருமே நிக்கலை."

மெக்கானிக் பார்த்தார். தடம் இருந்தது, கூண்டு இருந்தது, பொத்தான், விளக்கு, கதவு எல்லாம் இருந்தன. மனிதர்கள் நிற்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறம். இத்தனை வாரம் பார்த்தும் அது அவர் கண்ணில் படவில்லை.

"ஆளை வரையறது எனக்குத் தெரியாதும்மா."

"ஆள் வேண்டாம். ஒரு ஸ்ட்ரெச்சர் வச்சா போதும். பின்னாடி நான் இருக்கேன்னு நானே நினைச்சுக்கறேன்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவர் பாடத்தைத் திறந்தார். நீளமாக ஒரு செவ்வகம், அது தெரியும். கீழே இரண்டு சக்கரம் வேண்டும். வட்டம் வரைவது எப்படி என்று தேடினார். ஒரு வட்டத்துக்கு நான்கு எண்கள் போதும் என்று இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் நான்கு எண்களைத் தட்டி ஓடவிட்டார். வெற்றுச் சாம்பல் நிறத்தின் நடுவில், கைபடாத ஒரு முழு வட்டம் வந்து நின்றது.